மோனாஷ் ஃபோட்மேப் செயலி: நம் சமையலறையில் எவ்வளவு தூரம் உதவுகிறது?

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் 2012-இல் வெளியிட்ட ஃபோட்மேப் செயலி, எரிச்சல் குடல் நோய்க்குறி உள்ளவர்கள் எந்த உணவை எந்த அளவில் உண்ணலாம் என்று காட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. மருத்துவர்கள் ஐ.பி.எஸ். என்று சுருக்கமாகக் குறிப்பிடும் இந்தக் கோளாறில் குடலில் புண்ணோ கட்டியோ தென்படுவதில்லை; எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருக்கின்றன என்று அறிக்கை வரும், ஆனாலும் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிறு உப்பும், முறுக்கி வலிக்கும், பேதியோ மலச்சிக்கலோ அல்லது இரண்டும் மாறிமாறியோ வந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்டவர்கள் முதலில் சந்தேகப்படுவது காய்கறிகளைத்தான். ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் இரசம் சோறும் அப்பளமும் மட்டும் மிஞ்சும் நிலைக்கு வந்துவிட்டவர்களை நான் அறிவேன். அவர்களை மனத்தில் வைத்தே இந்தச் செயலியை, குறிப்பாக அதன் காய்கறிப் பகுதியை, தமிழ்நாட்டுச் சமையலறையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்கும் பணத்துக்கு இது தகும், ஆனால் நம்முடைய குழம்பையும் கூட்டையும் இதற்குத் தெரியாது என்பதால், அதன் தரவை நம் சமையலுக்கு ஏற்றபடி பிரித்துப் படிக்கும் வேலை நம்மிடமே விடப்படுகிறது.

ஃபோட்மேப் என்பது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சிறு சர்க்கரைகளுக்குப் பொதுவாக வைக்கப்பட்ட பெயர். மோனாஷைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005-இல் இதை முன்வைத்தார்கள். வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் உள்ள ஃபிரக்டான், பருப்பு வகைகளில் உள்ள காலக்டோ ஒலிகோசாக்கரைடு, பாலில் உள்ள லாக்டோஸ், சில பழங்களில் மிகுதியாக இருக்கும் ஃபிரக்டோஸ், காளானிலும் காலிஃபிளவரிலும் உள்ள மானிட்டால், முட்டைக்கோஸில் சிறிதளவு உள்ள சார்பிட்டால் ஆகியவை இதில் அடங்கும். இவை குடலுக்குள் தண்ணீரை இழுக்கின்றன. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் இவற்றை நொதிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஐ.பி.எஸ். உள்ளவரின் குடல் நரம்புகள் அந்த விரிவை வலியாக உணர்கின்றன என்பதே வேறுபாடு.

செயலியைத் திறந்ததும் உணவுகள் வகை வகையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போக்குவரத்து விளக்கின் நிறங்கள் உண்டு. இங்கேதான் இணையத்தில் சுற்றும் 'சாப்பிடலாம், சாப்பிடக் கூடாது' பட்டியல்களிலிருந்து இது விலகி நிற்கிறது. நிறம் காய்க்கு மட்டும் கொடுக்கப்படவில்லை, கிராம் கணக்கில் அதன் அளவுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. பீன்ஸ் 75 கிராம் வரை பச்சை. தட்டில் அதைக் கூட்டிக்கொண்டே போனால் சார்பிட்டால் எல்லையைத் தாண்டி நிறம் மாறுகிறது. சர்க்கரைவள்ளிக்கிழங்கும் 75 கிராமில் பச்சைதான், அதற்கு மேல் மானிட்டால் கூடுகிறது. கத்தரிக்காய், முட்டைக்கோஸ் ஆகியவற்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 'முட்டைக்கோஸ் எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று சொல்பவர்களில் பலர், தட்டு நிறையப் பொரியலை வைத்துக்கொண்டு சோற்றைத் தொட்டுக்கொள்பவர்களாக இருக்கக்கூடும். அவர்களுக்கு இந்தச் செயலி சொல்வது காயை நிறுத்து என்பதன்று, கரண்டியைச் சிறிதாக்கு என்பதே. பல ஆண்டுகளாக ஒதுக்கிவைத்த காய் ஒன்று இப்படித் தட்டுக்குத் திரும்புவது சிறிய விஷயமன்று. ஆனால் இதற்குச் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். ஒரு பொரியலை எடைபோட்டுப் பார்ப்பது முதல் வாரத்தில் வீட்டாருக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். கண் அளவு பழகியபின் தராசு தேவைப்படாது.

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் 'வாயு' பற்றிய அறிவை இந்தச் செயலியோடு ஒப்பிட்டுப் பார்த்தது எனக்குக் கிடைத்த மிகச் சுவையான அனுபவம். உருளைக்கிழங்கு வாயு, வாழைக்காய் வாயு, ஆகவே வயிறு சரியில்லாதவர் இரண்டையும் தொடக் கூடாது என்பது பாட்டிமாரின் தீர்ப்பு. செயலியில் உருளைக்கிழங்கு ஏறக்குறைய ஃபோட்மேப் அற்ற காய். வயிறு நொந்தவர்கள் அச்சமின்றி உண்ணக்கூடியவற்றில் ஒன்று. அப்படியானால் பூரிக் கிழங்கு சாப்பிட்டதும் வயிறு ஏன் உப்புகிறது? கிழங்கு மசாலில் பாதிக்குப் பாதி பெரிய வெங்காயம், அடியில் கடலைப்பருப்புத் தாளிப்பு, பக்கத்தில் எண்ணெயில் பொரித்த கோதுமைப் பூரி. இத்தனைக்கும் பழியைச் சுமப்பது உருளைக்கிழங்கு. வாழைக்காய் விஷயத்தில் பாட்டிமார் முழுக்கத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. பழுக்காத வாழையில் ஃபிரக்டான் குறைவு, பழுக்கப் பழுக்க அது கூடுகிறது என்பதை இந்தச் செயலியிலேயே காணலாம். கெட்டியான வாழைப்பழத்துக்கு 100 கிராம் வரை பச்சை நிறம் தரும் அது, நன்றாகக் கனிந்த பழத்துக்கு 35 கிராமுடன் நிறுத்திக்கொள்கிறது. ஆனால் பழுக்காத வாழையில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து அதிகம். அது ஃபோட்மேப் கணக்கில் சேர்வதில்லை என்றாலும் பெருங்குடலில் மெல்ல நொதிக்கக்கூடியதே. எனவே நிறத்தை நம்பி ஒரு கிண்ணம் வாழைக்காய் வறுவலைக் காலி செய்வதற்கு முன்னர் கொஞ்சம் யோசிக்கலாம்.

பூண்டைப் பற்றிய முரண் இதைவிடப் பெரியது. வாயுவுக்கு மருந்து என்று பாலில் வேகவைத்தும், இரசத்தில் தட்டிப் போட்டும், குழம்பில் முழுசாக மிதக்கவிட்டும் நாம் உண்ணும் பூண்டு, செயலியில் ஒரே ஒரு பல் அளவிலேயே சிவப்பு. பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம் இரண்டும் அப்படியே. வயிறு கனக்கிறது என்று சொல்பவருக்குப் பூண்டு இரசம் வைத்துக் கொடுக்கும் அன்பில் குறையேதும் இல்லை. ஃபிரக்டான் தாங்காத குடலுக்கு மட்டும் அது எதிராகவே வேலை செய்யும். ஆனால் பெருங்காயத்தில் பாட்டியும் பல்கலைக்கழகமும் ஒத்துப்போகின்றன: செயலியிலும் அது பச்சை; வெங்காயத்தையும் பூண்டையும் விட்டவர்களுக்கு அந்த மணத்தை ஓரளவு மீட்டுத் தருவதும் அதுவே. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஒரு சிட்டிகையில் ஐ.பி.எஸ். உள்ளவருக்கு அது பொருட்டல்ல. குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிக்கு அது பொருட்டு.

இந்த இடத்தில் செயலி தரும் ஓர் அடிப்படைத் தகவலை நம் சமையலோடு பொருத்திப் பார்ப்பது அவசியம். ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சாம்பாரில் உள்ள வெங்காயத்தைப் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுகிறேன், ஆனாலும் வலிக்கிறது என்று குறைப்படுபவர்களுக்கு விடை இதில் இருக்கிறது: வெங்காயம் ஓரத்தில் இருந்தாலும் அதன் ஃபிரக்டான் கொதித்த குழம்பில் இறங்கிவிட்டது. மாறாக, தாளிக்கும் எண்ணெயில் நசுக்கிய பூண்டைப் போட்டு, சிவந்ததும் அரித்தெடுத்துவிட்டு, அதன்பின் காயைப் போட்டால் மணம் மட்டும் எண்ணெயில் தங்கும். பூண்டை எடுப்பதற்கு முன்னர் அந்த வாணலியில் தக்காளியோ தண்ணீரோ விழக் கூடாது. அந்த எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைத்துக்கொள்வதும் கூடாது. பூண்டு ஊறிய எண்ணெய் அறை வெப்பத்தில் கிடந்தால் நச்சுக் கிருமி வளர இடமுண்டு என்பதால் அன்றன்றைக்குச் செய்துகொள்வதே நல்லது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி தாராளமாக அனுமதிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக் குமிழை மட்டும் வெட்டி நீக்கிவிட்டால் உப்புமாவிலும் முட்டைப் பொரியலிலும் வெங்காயம் இல்லாத குறை பெரிதாகத் தெரிவதில்லை.

பருப்பிலும் இதே தண்ணீர்க் கணக்குத்தான். அதிலுள்ள காலக்டோ ஒலிகோசாக்கரைடு ஊறவைக்கும் நீரிலும் வேகவைக்கும் நீரிலும் இறங்குகிறது. அதனால்தான் டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலையை நீர் வடித்து அலசினால் கால் கோப்பை அளவுக்குப் பச்சை கிடைக்கிறது. நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெந்த பருப்பின் மேல்தண்ணீரை இறுத்து, வயிற்றுக்கு இலேசாக இருக்கும் என்று இரசம் வைக்கிறோம். சத்தோடு சேர்ந்து அந்தச் சர்க்கரையும் இரசத்துக்கே போகிறது. பருப்புத் தண்ணீர் சேர்க்காத மிளகு இரசம் அல்லது எலுமிச்சை இரசத்தைப் பூண்டின்றி வைத்துக்கொள்வது இதற்கு எளிய மாற்று.

வெங்காயமும் பூண்டும் இல்லாமல் ருசியாகச் சமைக்க முடியுமா என்று கேட்பவர்கள் அமாவாசைச் சமையலை நினைத்துப் பார்க்கலாம். விரத நாட்களில் இரண்டையும் விலக்கி, பெருங்காயம், மிளகு, சீரகம், தேங்காய், கறிவேப்பிலை ஆகியவற்றைக் கொண்டு முழுச் சாப்பாடு ஆக்கும் கைப்பக்குவம் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. மேலைநாட்டு நோயாளிகள் புத்தகம் வாங்கிக் கற்கவேண்டியதை நம் வீட்டுப் பெரியவர்கள் மாதம் ஒருமுறை செய்துகொண்டிருக்கிறார்கள்.

காய்கறிப் பகுதியில் என்னை மிகவும் வியக்கவைத்தது காளான். கடைகளில் வெள்ளையாக, உருண்டையாகக் கிடைக்கும் மொட்டுக் காளான் மானிட்டால் மிகுதியால் சிவப்பு. தமிழ்நாட்டில் பரவலாக வளர்க்கப்படும் சிப்பிக் காளானோ ஒரு கோப்பை அளவிலும் பச்சை. காளானே ஒத்துக்கொள்ளாது என்று விட்டவர்கள் இந்த ஒரு வரிக்காகவே செயலியை வாங்கலாம். ஊறுகாய் போடாத, புதிய பீட்ரூட் ஃபிரக்டான் காரணமாகச் சில துண்டுகளோடு நின்றுவிடுகிறது, ஊறுகாயாகப் போட்ட பீட்ரூட்டோ தாராளமாக அனுமதிக்கப்படுகிறது. சர்க்கரை நீரில் இறங்கும் என்ற அதே காரணந்தான். கேரட், வெள்ளரிக்காய் இரண்டிலும் தயங்க வேண்டியதில்லை. பசலைக் கீரையும் பச்சையே. கீரை மசியலில் சேரும் பூண்டையும் பருப்பையும் நீக்கிவிட்டு, தேங்காய் சேர்த்த பொரியலாகச் செய்துகொண்டால் கீரையைக் கைவிட வேண்டிய தேவை இல்லை.

இனி குறைகள். செயலி தமிழில் இல்லை. காய்களுக்கு ஆஸ்திரேலியாவில் வழங்கும் பெயர்களே தரப்பட்டிருப்பதால், சௌசௌவைச் 'சோக்கோ' என்றும் கத்தரிக்காயை 'எக்பிளாண்ட்' என்றும் தேடவேண்டியிருக்கிறது. இது ஓரிரு நாளில் பழகிவிடும். பழகாத சிக்கல் ஒன்று உண்டு: அங்கே ஆய்வு செய்யப்பட்ட இரகமும் நம் சந்தையில் கிடைக்கும் இரகமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. பூசணி வகைகளில் ஒன்றுக்குப் பச்சையும் மற்றொன்றுக்குச் சிறிய அளவோடு எல்லையும் கொடுத்திருக்கும் செயலியை வைத்துக்கொண்டு, நம் பறங்கிக்காய் இவற்றில் எதற்கு நெருக்கம் என்று முடிவு செய்வது கடினம். நம் ஊரின் எல்லாக் காய்களுக்கும் கீரைகளுக்கும் அதில் பக்கமும் இல்லை. அத்தகைய காயைச் சிறிய அளவில், தனியாக, வேறு புதிய பொருள் எதுவும் சேராத வேளையில் உண்டு பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எண்கள் நிலையானவையும் அல்ல. எளிதாகப் பச்சையில் இருந்த தக்காளி மறு ஆய்வுக்குப் பிறகு ஏறத்தாழ 65 கிராமுக்குமேல் ஃபிரக்டோஸ் எச்சரிக்கை பெற்றது. சிவப்புக் குடைமிளகாயின் அளவும் அப்படியே குறைந்தது. இதைச் செயலியின் பலவீனம் என்று நான் கருதவில்லை, காயைத் திரும்பவும் அளந்து பார்க்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் எப்போதோ எடுத்த பட்டியலை அச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருப்பவர்கள் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையில் நான் தந்துள்ள எண்களுக்கும் இது பொருந்தும்.

இவற்றைவிடப் பெரிய குறை, நிறங்கள் தனித்தனிப் பொருளுக்கானவை என்பது. அவியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சேரும் ஒவ்வொரு காயும் தன்னளவில் பச்சையாக இருக்கலாம். ஆனால் பீன்ஸும் சேனையும் கத்தரிக்காயும் வாழைக்காயும் ஒரே கிண்ணத்தில் சேரும்போது, பக்கத்தில் கூட்டும் பொரியலும் இருக்கும்போது, சிறுசிறு அளவுகள் கூடிப் பெரிதாகிவிடுகின்றன. மேலைநாட்டுத் தட்டில் இரண்டு காய் என்றால் நம் விருந்து இலையில் ஆறேழு. அன்றாடச் சாப்பாட்டில் ஒரே வேளைக்கு ஒன்றிரண்டு காய்களோடு நிறுத்திக்கொள்வதும், இரண்டு வேளைகளுக்கு இடையில் சில மணி நேரம் விடுவதும் நடைமுறையில் உதவுகின்றன. மேலும், மிளகாயின் காரம், எண்ணெய், காபி, அவசரச் சாப்பாடு, மன அழுத்தம் ஆகிய எதையும் இந்த நிறங்கள் காட்டுவதில்லை. எண்ணெயில் பொரித்துக் காரம் தூவிய உருளைக்கிழங்கு, ஃபோட்மேப் கணக்கில் பச்சையாகவே இருக்கும்.

இந்த உணவுமுறை உண்மையில் பயன் தருகிறதா என்பதற்கும் விடை இருக்கிறது. மோனாஷ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஐ.பி.எஸ். உள்ள 30 பேருக்கும் நலமான 8 பேருக்கும் 21 நாட்கள் குறை ஃபோட்மேப் உணவும், மற்றொரு 21 நாட்கள் வழக்கமான ஆஸ்திரேலிய உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளுக்கு முதல் வகை உணவின்போது தொல்லை தெளிவாகக் குறைந்தது. ஆனால் சுவீடனில் 75 நோயாளிகளை வைத்து நடந்து, 2015-இல் வெளியான ஆய்வில், வேளை தவறாமல் சிறுகச் சிறுக உண்பது, கொழுப்பையும் காபியையும் குறைப்பது, மென்று உண்பது போன்ற வழக்கமான அறிவுரைகளும் ஏறத்தாழ அதே அளவு பயன் தந்தன. ஆகவே பணம் கொடுத்துச் செயலியை வாங்குவதற்கு முன்னர், செலவில்லாத அந்த வழியை ஒரு மாதம் பின்பற்றிப் பார்ப்பது தவறாகாது.

வாங்கிய பலர் பயன்படுத்தாமல் விடுவது, செயலியிலேயே இருக்கும் மறு அறிமுகப் பகுதியைத்தான். ஃபோட்மேப் மிகுந்த உணவுகளைக் குறைப்பது 2 முதல் 6 வாரங்களுக்கு மட்டுமே; அதன்பின் ஒவ்வொரு சர்க்கரை வகையையும் தனித்தனியாக, மூன்று நாட்களில் படிப்படியாக அளவைக் கூட்டி உண்டு, எது தொல்லை தருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கான நாட்குறிப்பு உள்ளேயே இருக்கிறது. எந்தச் சர்க்கரை ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்தபின், அதற்கேற்ப உணவுகளை வடிகட்டிக் காட்டும் வசதியும் உண்டு. நம்மவர்கள் மானிட்டாலைச் சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கொண்டும், பருப்புச் சர்க்கரையைக் கொண்டைக்கடலையைக் கொண்டும் எளிதாகச் சோதிக்கலாம். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃபிரக்டானே இருந்தாலும் தாங்கும் அளவு வேறுபடக்கூடும் என்பதால், அவற்றைத் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்கிறார்கள். இந்தக் கட்டத்துக்கு வராமல் மாதக்கணக்கில் சிவப்பை ஒதுக்கியே வாழ்பவர்கள், குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களின் உணவையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறார்கள்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் செயலி அல்ல, மருத்துவரே முதலில் தேவை. சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையையும் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டும். நிறுத்தியபின் செய்தால் முடிவு தவறாக வரலாம். குழந்தைகள், ஏற்கெனவே மெலிந்திருப்பவர்கள், உணவைக் கண்டாலே அஞ்சும் நிலைக்கு வந்துவிட்டவர்கள் ஆகியோர் உணவியல் நிபுணர் துணையின்றி இதைத் தொடங்கக் கூடாது.

ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் இது கிடைக்கிறது. நம் வீடுகள் பலவற்றில் வயிற்று வலி ஒருவருக்கு, சமையல் இன்னொருவருக்கு என்று இருப்பதால், வாங்கும்போதே இருவரும் உட்கார்ந்து வாரத்துக்கு வாங்கும் காய்களை ஒவ்வொன்றாகத் தேடி, அளவுகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, தேதியும் போட்டு அடுப்படியில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். வெங்காயம் சேர்ப்பதற்கு முன் குழம்பில் ஒரு கிண்ணத்தை நோயாளிக்கென்று தனியாக எடுத்துவைத்தால், மற்றவர்களின் சாப்பாட்டை மாற்றவேண்டிய தேவையும் இருக்காது.